200 கிரெயின் குண்டும் என் .30-06 ரைபிளும்

அமெரிக்காவின் கொலராடோவில் மான் வேட்டைக்கு 150 கிரெயின் எடையுள்ள குண்டு (7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு) தாராளமாகப் போதும். மியூல் மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் நான் பல ஆண்டுகள் அதைத்தான் பயன்படுத்தினேன். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. எல்க் என்ற பெரிய மான் வேறு ரகம். பெண் எல்க் 500 பவுண்டு, ஆண் 700 பவுண்டு என்று சாதாரணமாகப் பேசப்படும் விலங்கு அது. பக்கவாட்டில் அசையாமல் நின்றால் எந்தக் குண்டும் வேலை செய்யும். ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே முக்கால்வாசி திரும்பி நிற்கும்போதுதான் சிக்கல். குண்டு விலா எலும்புக்குப் பின்னால் நுழைந்து எதிர்ப்பக்கத் தோள்வரை போயாக வேண்டும். மாநிலச் சட்டம் எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெயின் குண்டு இருந்தால் போதும் என்கிறது. சட்டம் சொல்வது அடிமட்ட எல்லை. அதை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, விட்டத்தை அங்குலத்தில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். ஒரே வகைக் குண்டுகளுக்குள் எது ஆழமாகப் போகும் என்பதை ஓரளவு காட்டும் எண் அது. .30-06 ரைபிள் சுடும் .308 அங்குல விட்டக் குண்டில் 150 கிரெயினுக்கு அது 0.226, 180-க்கு 0.271, 200-க்கு 0.301. இத்தனைக்கும் குழல்வாயில் ஆற்றல் பெரிதாக மாறுவதில்லை. 150 கிரெயின் நொடிக்கு 2,900 அடி வேகத்திலும், 180 கிரெயின் 2,700 அடி வேகத்திலும் கிளம்பும்போது இரண்டின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனாலும் எடையைவிடக் குண்டு கட்டப்பட்ட விதம் முக்கியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜான் நாஸ்லர் 1946-ல் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போனபோது அவர் குண்டு உள்ளே போகாமல் சிதறியது. அந்தக் கடுப்பில்தான் நடுவில் செப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை அவர் உருவாக்கினார். முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி கட்டியாகத் தொடர்ந்து போகும். அந்த மாதிரி கட்டிய 165 கிரெயின் குண்டு, மட்டமான 200 கிரெயினைவிட எல்க்குக்கு மேல். அப்புறம் ஏன் 200? நான் வேட்டையாடும் இடத்தில் 250 கெஜத்துக்கு மேல் பார்வையே எட்டாது. கிட்டத்தில் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆழத்தை வாங்கிக்கொள்வது எனக்கு நல்ல பேரமாகப் பட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தோட்டா என்று சொல்வது முழுச் சரக்கை: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் தீ மூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து (இனி வெறும் மருந்து), வாயில் குண்டு. சுட்ட பிறகு கையில் மிஞ்சும் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைத்துக் கட்டுவதுதான் ஹேண்ட்லோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால் தேவை. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதைத் தூரத்து ஊர்க் கதையாகப் படித்துக்கொள்ளுங்கள். அங்கே 1972-ன் வனவிலங்குச் சட்டமும் ஆயுதச் சட்டமும் இருக்கின்றன. இதில் கை வைக்க வழியில்லை, வைக்கவும் வேண்டாம்.

கனமான குண்டு என்றதும் எல்லோரும் மருந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது குழலின் முறுக்கு. குழலுக்குள் ஓடும் புரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதே அது. குண்டு நீளமாக ஆக அதை நிலையாகப் பறக்க வைக்க வேகமான சுழற்சி வேண்டும். இங்கே கணக்கு நீளத்தைப் பொறுத்தது. கனமான குண்டு நீளமாக இருப்பதால்தான் எடையும் பேச்சில் வருகிறது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதனால் முழுச் செப்புக் குண்டு அதே எடையில் ஈயக் குண்டைவிட நீளம். 200 கிரெயின் ஈயக் குண்டை நன்றாகச் சுடும் குழல், 200 கிரெயின் செப்புக் குண்டைத் தடுமாற விடலாம்.

இந்த விஷயத்தில் .30-06 காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். அதற்குக் காரணம் பழைய ராணுவக் கதை. 1903-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட .30-03 தோட்டாவில் இருந்தது 220 கிரெயின் உருண்டை முனைக் குண்டு. அதற்காகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழல் வெட்டினார்கள். ஜெர்மானியர்கள் கூர்முனைக் குண்டுக்கு மாறியதும் அமெரிக்கர்களும் 1906-ல் 150 கிரெயின் கூர்முனைக்கு மாறினார்கள். குண்டு மாறியது, முறுக்கு மாறவில்லை. இன்றுவரை பெரும்பாலான .30-06 குழல்கள் அதே பத்து அங்குல முறுக்கோடுதான் வருகின்றன. 200 கிரெயின் அதற்கு வீட்டுப் பிள்ளை மாதிரி.

எதிர்மாறான கதை .244 ரெமிங்டனுடையது. 1955-ல் வந்தபோது அதன் முறுக்கு 12 அங்குலம். 75, 90 கிரெயின் குண்டுகளை மனதில் வைத்துச் செய்தது. அதே ஆண்டு வந்த .243 வின்செஸ்டருக்கு 10 அங்குல முறுக்கு. 100 கிரெயின் குண்டை அது சிரமமில்லாமல் சுட்டது. மான் வேட்டைக்காரர்கள் 100 கிரெயின் பக்கம் சாய்ந்தார்கள், .244 படுத்துவிட்டது. 1963-ல் 9 அங்குல முறுக்கோடு 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தும் அது எழுந்திருக்கவில்லை. கூடு அதேதான், உள்ளே ஒரு மாற்றமும் இல்லை.

உங்கள் குழலின் முறுக்கு தெரியவில்லை என்றால் கண்டுபிடிப்பது சுலபம். ரைபிள் காலியா என்று இரண்டு முறை பாருங்கள். தானாகச் சுழலும் கைப்பிடியுள்ள துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றிக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பியில் ஒரு அடையாளம் போட்டு, அது ஒரு முழுச் சுற்று வர எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று அளந்தால் முடிந்தது. குண்டின் நீளத்துக்கு ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-ல் சொன்ன சூத்திரம் இன்றும் மனக்கணக்குக்குப் போதும்: 150-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு அங்குலத்தில் வரும். .308 விட்டத்துக்கும் 10 அங்குல முறுக்குக்கும் திருப்பிப் போட்டால் குண்டின் நீளம் சுமார் 1.42 அங்குலம்வரை போகலாம். வால் குறுகிய நவீனக் குண்டுகளுக்கு மில்லர் என்பவரின் நிலைத்தன்மைக் கணக்கு இன்னும் நம்பகமானது. அதில் நிலைத்தன்மை எண் 1.5-க்கு மேல் வந்தால் கவலையில்லை, 1-க்குக் கீழே போனால் அந்தக் குண்டை மறந்துவிடலாம். இன்னொன்று: மலை உயரத்தில் காற்று மெல்லியது, குண்டு எளிதாக நிலைக்கும். உயரத்தில் சோதித்துவிட்டு, குளிர்காலத்தில் சமவெளிக்குப் போய்ச் சுடுகிறவர்கள் எல்லையில் இருக்கும் குண்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. டார்கெட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வட்டத் துளை தெரிந்தால் குண்டு தடுமாறுகிறது என்று அர்த்தம்.

அடுத்த கட்டுப்பாடு மேகசின், அதாவது ரைபிளில் தோட்டாக்கள் காத்திருக்கும் பெட்டி. .30-06 தோட்டாவின் அதிகபட்ச நீளம் 3.340 அங்குலம் என்று தரநிலை சொல்கிறது. உங்கள் ரைபிளின் பெட்டி அதைவிடக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். மருந்தும் பிரைமரும் இல்லாமல் ஒரு டம்மி தோட்டா செய்து, மேகசினில் ஏற்றி, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும், கையால் இயக்கும் தண்டை) வேகமாகத் தள்ளிப் பார்த்துவிடுங்கள். ஒரு பைசா மருந்து செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். நீளமான குண்டு வெளியே நீள இடமில்லாததால் கூட்டுக்குள் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு அதே இருந்தாலும் இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும்.

குண்டின் முனையை வைத்து நீளம் அளப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரே டப்பாவில் உள்ள குண்டுகளின் முனைகளே ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். குண்டின் வளைவு முழு விட்டத்தை எட்டும் இடத்தைப் பிடித்து அளக்கும் ஒரு சின்ன இணைப்பு காலிப்பர் என்ற அளவுக் கருவிக்கு விற்கிறார்கள். இந்த வேலையில் நான் வாங்கியவற்றில் காசுக்கு மதிப்பான பொருள் அது. குழலின் புரி எங்கே தொடங்குகிறது என்று அளந்து, குண்டு அதில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போட்டிச் சுடுதலில் சிலர் குண்டு புரியைத் தொடும்படி வைப்பார்கள். வேட்டைக்கு அது கூடவே கூடாது. சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு புரியில் சிக்கிக் குழலிலேயே தங்கி, மருந்து முழுக்க ரைபிளுக்குள் கொட்டிவிடலாம். அன்றைய வேட்டை அதோடு சரி. செப்புக் குண்டுகளுக்குத் தள்ளி நிற்பதுதான் பிடிக்கும். அவற்றுக்கு 0.050 அங்குல இடைவெளியில் தொடங்குவது வழக்கம்.

மருந்துக்கு வருவோம். இங்கே நான் எந்த எடையையும் எழுதப் போவதில்லை. கூட்டின் தயாரிப்பு, பிரைமர், குழல், மருந்தின் தொகுதி எது மாறினாலும் என் எண் உங்களுக்குப் பொருந்தாது. குண்டுத் தயாரிப்பாளரின் கையேடு ஒன்று, மருந்துத் தயாரிப்பாளரின் கையேடு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். இரண்டு உச்ச அளவுகளில் குறைந்ததை உங்கள் உச்சமாக எடுத்துக்கொண்டு, கையேடு சொல்லும் தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். கனமான குண்டுக்கு மெதுவாக எரியும் மருந்து தேவை; .30-06-ல் 200 கிரெயினுக்கு 4350, 4831 வகைகள் கையேடுகளில் முன்னால் நிற்கும். வெப்பநிலைக்கு அசராத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆகஸ்டில் 35 டிகிரி வெயிலில் சோதித்ததை நவம்பரில் உறைபனியில் சுடப் போகிறோம். (தானாகத் தோட்டா ஏற்றும் பழைய ராணுவ ரைபிளான எம்1 கேரண்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மெதுவான மருந்தும் கனமான குண்டும் அதன் இயக்கத் தண்டை வளைத்துவிடும். நான் பேசுவது போல்ட் ரைபிளைப் பற்றி.)

அழுத்தம் எவ்வளவு என்று வீட்டில் சாதாரணமாக அளக்க முடியாது. .30-06-க்குத் தரநிலை உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் விழுவது, போல்ட் இறுகுவது எல்லாம் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிய பிறகு வரும் அறிகுறிகள். அவை இல்லை என்பதால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் நல்ல சாட்சி. கையேட்டில் உச்ச அளவுக்குப் போட்டிருக்கும் வேகத்தை நீங்கள் குறைந்த மருந்திலேயே எட்டிவிட்டால், அழுத்தமும் எட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுங்கள். இலவச வேகம் என்று ஒன்று கிடையாது.

என் ரைபிளில் 200 கிரெயின் நொடிக்கு 2,550 அடிப் பக்கத்தில் வந்து நின்றது. உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்னும் 50 அடி ஏற்றலாமே என்று ரேஞ்சில் (சுடும் திடலில்) எல்லோரும் சொன்னார்கள். அந்த 50 அடியால் எல்க்குக்கு என்ன தெரியப் போகிறது? 200 கெஜத்தில் குறியில் படும்படி சரிபார்த்து வைத்தால் 300 கெஜத்தில் சுமார் 9 அங்குலம் இறங்குகிறது. பழைய 150 கிரெயினைவிட ஒன்றிரண்டு அங்குலம்தான் கூடுதல்.

துல்லியம் என்ற பேச்சில்தான் நான் மற்றவர்களோடு அதிகம் முரண்படுகிறேன். வழக்கமான முறை என்ன? மருந்தை 0.3 கிரெயின் படிகளாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா சுட்டு, எது நெருக்கமாக விழுந்ததோ அதுதான் இந்த ரைபிளின் ராசியான அளவு என்று முடிவு செய்வது. அதே அளவை அடுத்த வாரம் மறுபடி சுட்டுப் பாருங்கள். அரை அங்குல அகலத்தில் விழுந்த துளைகளின் கூட்டம் ஒன்றரை அங்குலமாகியிருக்கும். உடனே காற்று, வெளிச்சம், காபி என்று காரணம் தேடுவோம். காரணம் எளிமையானது: மூன்று துளைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரே மருந்து அளவு, ஒரே குண்டு, மூன்று மூன்றாகச் சுட்டால் அவற்றில் அழகான ஒரு கூட்டமும் அசிங்கமான ஒரு கூட்டமும் தற்செயலாகவே வந்துவிடும். அழகானதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம், அசிங்கமானது குப்பைக்குப் போகிறது.

நான் இப்போது செய்வது இது. ஒரு அளவுக்குக் குறைந்தது பத்து தோட்டா. வேட்டை ரைபிளின் குழல் மெல்லியது, சீக்கிரம் சூடாகும். அதனால் மூன்று சுட்டுவிட்டு ஆற விடுகிறேன். நடுவில் சின்ன .22 ரைபிளை எடுத்துச் சுட்டால் பொறுமையின்மைக்கு நல்ல மருந்து. எல்லாத் துளைகளையும் ஒரே தாளில் குறித்துக்கொள்வேன். அந்தப் பத்தின் கூட்டம் 100 கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் எல்க்குக்குப் போதும், ஒன்றரைக்குள் வந்தால் கொண்டாடலாம். மூன்று தோட்டாவில் அரை அங்குலம் என்று பேசிப் பழகியவர்களுக்கு இந்த எண் கசக்கும்.

இப்படிப் பத்துப் பத்தாகச் சுட்டதில் ஒன்று தெளிவானது. மருந்தை அரை கிரெயின் இப்படி அப்படி நகர்த்தியதில் கூட்டம் பெரிதாக மாறவில்லை. இடைவெளியை 0.020 அங்குலம் மாற்றியதிலும் அப்படியே. வேறு தயாரிப்பின் 200 கிரெயின் குண்டுக்கு மாறியதும் முதல் பத்திலேயே கூட்டம் பாதியாகச் சுருங்கியது. முதல் குண்டு மோசமானது இல்லை, நண்பர் ஒருவரின் ரைபிளில் அது பிரமாதமாகப் போகிறது. என் குழலுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதனால் என் யோசனை: இரண்டு அளவு மருந்தில் சுட்டும் ஒரு குண்டு சரியாகப் போகவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்த குண்டுக்குப் போங்கள், முடிந்தால் அடுத்த மருந்துக்கும். அதற்கும் முன்னால் ஸ்கோப்பின் திருகுகளும் கட்டையில் குழலைப் பிடித்திருக்கும் திருகுகளும் இறுக்கமா என்று பாருங்கள். பலரின் மர்மக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

கனமான குண்டின் உதை தோளில் தெரியும். மேசையில் உட்கார்ந்து சுடும்போது லேசான குண்டுக்கு மன்னிக்கப்படும் சோம்பல் இதில் மன்னிக்கப்படாது. முன்கட்டையை மணல் மூட்டையில் சும்மா வைத்தால் ரைபிள் எழும்பி எங்கேயோ போகும். கையால் பிடித்து, தோளில் பதித்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வையுங்கள். உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவில் நண்பரை விட்டு ஒரு டம்மியைக் கலக்கச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல் குலுங்கினால் நீங்கள் உதைக்குப் பயந்து முன்கூட்டியே நடுங்குகிறீர்கள். அப்போது தோட்டாவைக் குறை சொல்லிப் பயனில்லை, அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கூடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தயாரிப்பு, ஒரே தொகுதி, எத்தனை முறை சுட்டது என்ற கணக்கு. நீளம் 2.494 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 2.484-க்கு வெட்டிவிடுங்கள். வேட்டைக்கு எப்போதும் முழு அளவில் சுருக்கிய கூடுதான். மேகசினில் காத்திருக்கும் தோட்டா, மேலே உள்ளது சுடும்போது முன்சுவரில் மோதும். கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடி தளர்வாக இருந்தால் குண்டு உள்ளே இறங்கிவிடும். அதனால் மேகசினை நிரப்பி, மேலே உள்ளவற்றைச் சுட்டுவிட்டு, கடைசித் தோட்டாவை எடுத்து நீளம் அளந்து பாருங்கள். கனமான குண்டுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

இதெல்லாம் அடுக்களை மேசையில் செய்யும் வேலை இல்லை. பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளைத் துலக்கும்போது பறக்கும் தூசியிலும் அது உண்டு. எங்கள் வீட்டில் கராஜில் தனி மேசை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. போன் உள்ளே. வேலை முடிந்ததும் கை கழுவாமல் சமையலறைக்குள் நுழைந்தால் என் மனைவி விடமாட்டாள். "ஏங்க, இவ்வளவு பாடுபட்டு மிச்சம் எவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டாள். கருவிகளின் விலையைச் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு குறைகிறது, அதனால் அதிகம் சுடுகிறோம், மொத்தச் செலவு அப்படியே நிற்கிறது. கடையில் 180 கிரெயின் தோட்டா நல்ல தரத்தில் கிடைக்கிறது. உங்கள் ரைபிள் அதை நன்றாகச் சுட்டால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அதையே வாங்கிக்கொள்ளலாம்.

சீசனுக்கு முந்தைய வாரங்களில் நான் கூட்டம் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். ரேஞ்சுக்குப் போனதும், குளிர்ந்த குழலில், முதல் தோட்டாவை மட்டும் ஒரு தனித் தாளில் சுடுவேன். தேதியைப் பக்கத்தில் எழுதி, அதே தாளை அடுத்த முறையும் கொண்டுபோவேன். எல்க் முன்னால் நிற்கும்போது நமக்குக் கிடைப்பது அந்த முதல் தோட்டாதான். அது எங்கே விழும் என்பது அந்தத் தாளில் இருக்கிறது. எண்ணெய் துடைத்த குழலில் முதல் தோட்டா கொஞ்சம் தள்ளிப் போகும் ரைபிள்கள் உண்டு. என்னுடையது அந்த ரகம் என்பதால் சுத்தம் செய்த பிறகு இரண்டு தோட்டா சுட்டு அழுக்காக்கித்தான் காட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

இந்தக் குண்டால் நான் எடுத்த முதல் பெண் எல்க் 150 கெஜத்துக்கும் குறைவான தூரத்தில், நான் பயந்த அதே கோணத்தில் நின்றது. குண்டு விலாவுக்குப் பின்னால் நுழைந்து எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் தங்கியிருந்தது. முன்பாதி காளான் போல விரிந்திருந்தது. ஒரு விலங்கை வைத்து அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பத்துத் தோட்டா விதி இங்கேயும் பொருந்தும்.

ஒவ்வொரு டப்பாவின் மேலும் ரைபிள், குண்டு, மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், பிரைமர், நீளம், தேதி எல்லாவற்றையும் எழுதி ஒட்டுகிறேன். எழுத்து இல்லாத டப்பா கிடைத்தால் அதைச் சுடுவதில்லை, பிரித்துவிடுவேன். மருந்து டப்பா தீர்ந்து அதே பெயரில் புதுத் தொகுதி வாங்கினால் பழைய அளவை அப்படியே போடாமல் சில படிகள் கீழே இறங்கி, குரோனோகிராப்பை முன்னால் வைத்து மறுபடி ஏறி வருகிறேன். இப்போது அப்படி ஒரு புது டப்பா அலமாரியில் இருக்கிறது. ரேஞ்சில் பனி விலகியதும் அந்த வேலை.